இடது கைக்கு எட்டாத டார்பிடோ

7

“என் பையன் கடிதம் எழுதி வெச்சுட்டுச் செத்துப்போயிட்டான்னு போலீஸ்ல சொல்றாங்க. அந்தக் கடிதத்தை முழுசாப் படிக்க எனக்குத் தைரியம் இல்லீங்க. நீங்க படிச்சுச் சொல்லணும்.”

சக்கர நாற்காலியில் வந்திருந்த அம்மாள் இதைச் சொல்லிவிட்டு, மடியிலிருந்த லேப்டாப்பை இடது கையால் மேசை மேல் தள்ளி வைத்தாள். வலது கை சால்வைக்குள் கிடந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் வந்த பக்கவாதம் பேச்சைத் திருப்பிக் கொடுத்தது, நினைவைத் திருப்பிக் கொடுத்தது, அந்தக் கையை மட்டும் கொடுக்கவில்லை.

வக்கீல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். எல்லோரும் அவனை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். கறுப்புக் கோட்டுதான் கிடையாது. சட்டக் கல்லூரியில் ஆறு வருடம் குப்பை கொட்டிவிட்டு, கடைசிப் பரீட்சையன்று பஸ்ஸைக் கோட்டை விட்டவன். நாற்பதை நெருங்கும் இந்த வயதில் மேடத்துக்கு உதவியாளன். மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் விபத்து விசாரணை பார்த்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவர். அளந்துதான் பேசுவார். மிச்சப் பேச்சையெல்லாம் வக்கீல் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தான்.

“கடிதம் எங்கம்மா இருக்கு?” என்றார் மேடம்.

“விளையாட்டுக்குள்ள இருக்குங்க.”

வக்கீல் வாயைத் திறந்தான். மேடம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அந்தம்மாள் நிதானமாகச் சொன்னாள். மகன் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்கிறவன். கேம் ஜாம் என்று ஒரு போட்டி. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு தலைப்பு கொடுப்பார்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அதை வைத்துப் புத்தம்புதிதாக ஒரு விளையாட்டைச் செய்து இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். இந்தத் தடவை தலைப்பு, ‘ஆழம்’. மகன் புரோகிராம் எழுதினான். அந்தம்மாளின் அண்ணன் பையன் படம் வரைந்தான். ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி அறையில் இரண்டு பேரும் அடைந்து கிடந்து, நாற்பது வருடத்துக்கு முந்தைய வீடியோ கேம் சாயலில், நாலே நிறத்தில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டைச் செய்தார்கள். கடலுக்குள் போய் டார்பிடோ குண்டால் சுட வேண்டும். காற்று தீர்வதற்குள் மேலே வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

ஞாயிறு மாலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு விளையாட்டு இணையத்தில் ஏறியது. திங்கள் காலை, கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் மகன் கிடந்தான். மொட்டை மாடியிலிருந்து விழுந்திருக்கிறான். ஞாயிறு ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர். விளையாட்டில் தோற்றுப்போனால் திரையில் இரண்டு வரி வருகிறது என்று, போலீஸ் கொடுத்த படத்தைப் பார்க்காமலே நீட்டினாள். “இனி மேலே வரமாட்டேன். என்னைத் தேட வேண்டாம்.” இன்ஸ்பெக்டர் அதைப் படம் பிடித்துக் கோப்பில் வைத்து, தற்கொலை என்று எழுதி மூடிவிட்டார்.

“யாரையும் ஜெயில்ல போடணும்னு நான் வரல,” என்றாள் அந்தம்மாள். “எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். என்னை இந்த நிலைமையில விட்டுட்டு, அவனாவேதான் போனானா?”

மேடம் லேப்டாப்பைத் திறந்து அந்தம்மாள் பக்கம் திருப்பினார்.

“விளையாடிக் காட்டுங்கம்மா.”

அந்தம்மாள் முதலில் சனிக்கிழமை மகன் அனுப்பிய பிரதியைத் திறந்தாள். வக்கீல் அசந்துபோனான். விரல்நகம் அளவு நீர்மூழ்கி பல் வைத்த மீன்களுக்கு நடுவே புகுந்து புறப்பட்டது. அந்தம்மாளின் இடது கை மூன்று விரல்கள் கப்பலை ஓட்டின. கட்டைவிரல் கீழே நீளப் பொத்தானைத் தட்டத் தட்ட டார்பிடோ பாய்ந்தது. இரண்டு முறை மேலே வந்து காற்று வாங்கிக்கொண்டு, மூன்றாவது இறக்கத்தில் முதல் கட்டத்தையே முடித்துவிட்டாள். அதற்கப்புறம்தான் ஒரு மீனிடம் மாட்டினாள். திரையில், ‘காத்து போச்சு! இன்னொரு தடவை?’ என்று வந்தது.

“கடிதத்தைக் காணோமே மேடம்,” என்றான் வக்கீல்.

“அது கடைசிப் பிரதியிலதான் தம்பி,” என்று அந்தம்மாள் அதைத் திறந்தாள்.

அதே கடல், அதே மீன். ஆனால் கப்பல் நின்ற இடத்தில் நின்றது. அந்தம்மாள் கையை விசைப்பலகையின் வலது ஓரத்துக்குக் கொண்டுபோய் அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்தினாள், கப்பல் நகர்ந்தது. சுடுவதற்கு இடது கோடியில் இருந்த இசட் பொத்தானுக்குத் தாவினாள், கப்பல் நின்றது. திரும்பிப் போவதற்குள் மீன் வந்து கவ்வியது. இன்னொரு முறை பார்த்தாள். கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியதே தவிர, கப்பல் பிழைக்கவில்லை. அந்த இரண்டு வரி வருவதற்குள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எனக்கு இது வரலீங்க. மத்தது எல்லாம் வந்துச்சு, இது மட்டும் வரல. அவன் போன துக்கத்துல புத்தி மழுங்கிடுச்சு போல.”

வக்கீல் அவளைப் பார்த்தான். ஒரு தாய் மகனையும் பறிகொடுத்துவிட்டு, அவன் கடைசி விளையாட்டில் தோற்றதற்குத் தன்னையும் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதற்கு என்ன கிண்டல் செய்வது?

“உங்க புத்தியில ஒண்ணும் இல்லம்மா,” என்றார் மேடம். “இதுக்கு ரெண்டு கை வேணும். உங்க பையன் இதுவரைக்கும் எத்தனை விளையாட்டு செஞ்சிருக்கார்?”

“இதோட பன்னெண்டு.”

“எத்தனைக்கு ரெண்டு கை வேணும்?”

அந்தம்மாள் யோசிக்கவே இல்லை. “ஒண்ணுக்கும் வேணாம். எனக்கு உடம்பு முடியாமப்போன அப்புறம்தான் அவன் இதுல இறங்கினதே. டாக்டர் கையைப் பழக்கச் சொன்னார், பந்தைப் பிசையச் சொன்னார். நான் மாட்டேன்னுட்டேன். உடனே இவன் ஒரு விளையாட்டு செஞ்சு கொடுத்தான். அதுல இருந்து எது செஞ்சாலும் நான் விளையாடி முதல் கட்டத்தை முடிக்கணும். முடிச்சாத்தான் வெளியில விடுவான். அம்மா பரீட்சைன்னு பேரு.”

“ஞாயித்துக்கிழமை பரீட்சை நடந்துச்சா?”

“மூணு மணிக்கு அனுப்பறேன்னான். நான் லேப்டாப்பைத் திறந்து வெச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.” அந்தம்மாள் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “வரவே இல்ல.”

மேடம் எழுந்து கைப்பையை எடுத்தார். “லேப்டாப்பை ஒரு மணி நேரம் கொடுங்கம்மா. உங்க அண்ணன் பையன் எங்க இருப்பார்?”

“அந்த அறையிலதான் இருப்பான். பாவம், அவனும் உடைஞ்சுபோயிட்டான். இப்ப எனக்கு மாத்திரை வாங்கித் தர்றதுல இருந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது வரைக்கும் அவன்தான். எனக்கு இனிமே அவன் ஒருத்தன்தானேங்க?”

வாசலுக்கு வந்ததும் வக்கீல் கேட்டான்: “மேடம், ஸ்டேஷனுக்கு போன் பண்ணி விசாரிச்சேன். அந்த அண்ணன் பையன் ஞாயித்துக்கிழமை மூணே முக்கால்ல இருந்து ராத்திரி வரைக்கும் நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விழாவுல இருந்திருக்கான். நாப்பது பேர் பார்த்திருக்காங்க. எல்லா போட்டோவிலயும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். விளையாட்டு ஏறினது அஞ்சு அம்பத்திரண்டுக்கு. டாக்டர் சொன்ன நேரமும் அதோட ஒத்துப்போகுது. இவனை எப்படிப் பிடிப்பீங்க?”

“நான் யாரையும் பிடிக்கப் போறேன்னு சொல்லலையே.”

“கைப்பையை அப்படித்தான் பிடிச்சிருக்கீங்க.”

---

அந்தக் கட்டடத்தின் கீழ்த் தளம் முழுக்க அச்சகம். வேலை நாளானதால் இயந்திரங்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாம் மாடியில் ஒரே அறை. அறைக் கதவை ஒட்டி மொட்டை மாடிக்குப் போகும் இரும்புப் படி. உள்ளே எதிரெதிராக இரண்டு மேசைகள், சுருட்டி வைத்த ஒரு மெத்தை, கழுவாத தேநீர்க் கோப்பைகள். ஒரு மேசை மேல் கட்டம் போட்ட காகிதங்களில் பல் வைத்த மீன்கள், கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டப்பட்டுக் கிடந்தன. மற்ற மேசை துடைத்து வைத்தது போலிருந்தது. அதற்கு மேலே சுவரில் ஒரு துண்டுச் சீட்டு: ‘அம்மா ஜெயிக்காம எதுவும் வெளிய போகாது.’

ஓவியனுக்கு முப்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உட்காரச் சொன்னான், தேநீர் வேண்டுமா என்று கேட்டான். குறை சொல்ல முடியாத பிள்ளை.

“அத்தை அனுப்பினாங்களா? அவங்களுக்கு மனசு ஆறல. எனக்கும்தான் ஆறல,” என்றான். “நான் கிளம்பறப்போ அவன் இந்த மேசையிலதான் இருந்தான். ‘நீ போ, நான் ஏத்திட்டு வரேன்’னான். இப்படிப் பண்ணுவான்னு யாருக்குத் தெரியும்?”

“இதுக்கு முன்னாடி அவர்கூட விளையாட்டு செஞ்சிருக்கீங்களா?”

“இல்லீங்க, இதுதான் முதல் தடவை. அவன் தனியாத்தான் செய்வான். ஒரு பெரிய கம்பெனியில என் படங்களைப் பார்த்துட்டு, இந்த ஜாம்ல முதல் பத்துக்குள்ள வந்தா வேலைன்னு சொல்லியிருந்தாங்க. அதனால நான்தான் கெஞ்சிச் சேர்ந்துக்கிட்டேன்.”

“விளையாட்டை நீங்களும் சோதிச்சுப் பார்த்திருப்பீங்க?”

“நூறு தடவை! வெள்ளிக்கிழமையில இருந்து அதுதானே வேலை.”

மேடம் அசட்டுத்தனமாகச் சிரித்தார். எதிராளியை நம்பவைக்க மட்டுமே வெளியில் எடுக்கிற சிரிப்பு அது.

“எனக்கு இதெல்லாம் புரியாது தம்பி. சனிக்கிழமைப் பிரதியைக் கொண்டு வந்திருக்கேன். கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்களேன்.”

“அதுக்கென்ன,” என்று ஓவியன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். வலது கை அம்புக்குறிகளின் மேல் போய் அமர்ந்தது. இடது கை விரல் இசட் மேல் நின்றது.

கப்பல் அசையவில்லை.

இன்னும் அழுத்தி அழுத்திப் பார்த்தான். டார்பிடோவும் வரவில்லை. கப்பல் நடுக்கடலில் சும்மா நின்றது. ஓரத்தில் காற்றுக் குழாய் ஒவ்வொரு கட்டமாகக் காலியாகிக்கொண்டு வந்தது.

“பொத்தான் ரிப்பேர் போல இருக்கு,” என்றான் ஓவியன்.

“ரிப்பேரா? உங்க அத்தை காலையில இதே பெட்டியிலதான் ஓட்டினாங்க. முதல் கட்டத்தையே முடிச்சாங்க,” என்றான் வக்கீல். “நீங்க நூறு தடவை விளையாடியிருக்கீங்க. பழக்கம் விட்டுப்போச்சா?”

“எந்தப் பொத்தான்னு ஞாபகம் இருக்கா தம்பி?” என்றார் மேடம்.

“இதேதான். முதல் நாள்ல இருந்து அம்புக்குறியும் இசட்டும்தான்.”

காற்று தீர்ந்தது. ‘காத்து போச்சு! இன்னொரு தடவை?’ என்று திரை கேட்டது. அந்த வரியை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவன் போல ஓவியன் பார்த்தான்.

மேடத்தின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. “முதல் நாள்ல இருந்து எல்லாமே இடது கைப் பக்கம் தம்பி. ஏ, எஸ், டி, டபிள்யூ. சுடறதுக்குக் கீழ நீளப் பொத்தான். ஒரே கையால விளையாடணும்னு உங்க அத்தை பையன் தேடித் தேடி வெச்சது. நீங்க ஒரு தடவைகூட விளையாடல. அவர் ஓட்டினப்போ பின்னாடி நின்னு மீன் அழகா இருக்கான்னு மட்டும் பார்த்திருக்கீங்க.”

“அவன்... கடைசி நேரத்துல மாத்தியிருப்பான்.”

“இப்பதானே முதல் நாள்ல இருந்துன்னீங்க?” என்றான் வக்கீல். “ஒரு நிமிஷத்துக்கு ஒரு பொய்யா வெச்சுக்கலாமே. குறிச்சுக்க எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும்.”

மேடம் சுவரிலிருந்த துண்டுச் சீட்டைக் காட்டினார். “அம்மா விளையாட முடியாத ஒண்ணை அவர் வெளியில விடமாட்டார். விட்டிருந்தா அது அவர் இல்ல. விளையாட்டு செய்யற அந்த மென்பொருளை ஒரு கம்ப்யூட்டர்ல புதுசாப் போட்டா, அம்புக்குறியும் இசட்டும்தான் தானா வரும். வர்ற வழியில ஒருத்தரை விசாரிச்சுக்கிட்டேன். இடது கைக்கு மாத்தி வெச்ச அமைப்பு அவரோட பெட்டியில மட்டும் இருந்துச்சு. அதோட கடவுச்சொல் உங்களுக்குத் தெரியாது. அதனால படம் சேர்க்கறதுக்காக உங்க பெட்டியில இருந்த விளையாட்டை வெச்சு, கடைசிப் பிரதியை அங்கேயே தயார் பண்ணீங்க. ரெண்டு கையும் நல்லா இருக்கிற உங்களுக்கு வித்தியாசமே தெரியல.”

“நான் பிறந்தநாள் விழாவுல இருந்தேன்! அஞ்சு அம்பத்திரண்டுக்கு நான் இங்க இல்லவே இல்ல!”

“ஏத்தினது கை இல்ல, கடிகாரம். நேரம் குறிச்சு வெச்சுட்டா பெட்டி தானா ஏத்திடும்.”

ஓவியன் கட்டடம் இடிந்து விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். ஆனாலும் ஒரு நப்பாசை கண்ணில் மிச்சமிருந்தது. “டாக்டரே சொல்லியிருக்காரே. அஞ்சு மணிக்கு மேலதான் செத்திருக்கான்னு. அப்போ நான்...”

“டாக்டர் சொன்னது செத்த நேரம்,” என்றார் மேடம். “விழுந்த நேரம் இல்ல.”

கீழே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வக்கீலுக்கு அந்த வாக்கியம் முழுதாக உள்ளே இறங்க ஒரு கணம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை. அச்சகம் விடுமுறை. பின் சந்தில் ஈ காக்கை கிடையாது. அம்மா பரீட்சைக்கு எதையும் அனுப்ப முடியாமல், மூன்று மணிக்கு முன்னால் விழுந்த ஒருவன், ஐந்து மணிக்கு மேல் செத்திருக்கிறான்.

ஓவியன் சட்டென்று எழுந்தான். வாசலைத் தாண்டி இரும்புப் படிக்குத் தாவப் பார்த்தான். வக்கீல் அவனுக்கு முன்னால் போய்க் கதவை அடைத்து நின்றான்.

“மேல வேண்டாம் தம்பி. ஒரு வீட்டுல ஒருத்தர் விழுந்தது போதும். உட்காருங்க.”

அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு எல்லாவற்றையும் கொட்டினான். மீன் படங்கள் அவன் வரைந்தவை அல்ல. எங்கோ, யாரோ செய்த பழைய விளையாட்டிலிருந்து எடுத்துக் கட்டத்தாளில் பிரதி பண்ணியவை. ஞாயிறு மத்தியானம் அத்தை பையன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். “திருட்டுப் படத்தை வெச்சு நான் ஏத்தமாட்டேன், விலகிக்கலாம்” என்றான். காற்று வாங்கப் போன மொட்டை மாடியில் பேச்சு முற்றியது. வேலை போய்விடும் என்று இவன் கெஞ்சினான், கத்தினான், கடைசியில் பிடித்துத் தள்ளினான். குட்டைச் சுவர்.

“கீழ ஓடிப்போய்ப் பார்த்தேன்,” என்றான். “கண்ணைத் திறந்து பார்த்தான்.”

“ஆம்புலன்ஸைக் கூப்பிட்டீங்களா?”

“கூப்பிட்டா அவன் சொல்லிடுவானேன்னு...”

மேலே ஏறி வந்து, விளையாட்டைத் தயார் செய்து, இரண்டு வரியை மாற்றி எழுதி, நேரம் குறித்து வைத்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு பிறந்தநாளுக்குப் போயிருக்கிறான். வக்கீலுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். மேடம் ஜன்னலோரம் போய் இன்ஸ்பெக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

---

சாயங்காலம் அவர்கள் போனபோது அந்தம்மாள் வீட்டு வாசலுக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் காத்திருந்தாள். முன்னறையில் மகனின் செருப்பு இன்னும் ஓரமாகக் கிடந்தது.

“அவரா போகலம்மா,” என்றார் மேடம். சுற்றி வளைக்கவில்லை.

அந்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். எவ்வளவோ நாளாக இழுத்துப் பிடித்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. பிறகு, “யாரு?” என்றாள். மேடம் சொன்னார். அண்ணன் பையன் என்றதும் அவள் முகத்தில் வந்ததைப் பார்க்க முடியாமல் வக்கீல் தரையைப் பார்த்தான். ஒரே வாக்கியத்தில் அவளுக்கு ஒரு பிள்ளை திரும்பி வந்தான், இன்னொரு பிள்ளை போனான். எத்தனை மணிக்கு விழுந்தான், எத்தனை மணி வரை உயிர் இருந்தது என்பதையும் மேடம் மறைக்கவில்லை. கோர்ட்டில் யாரோ படிக்கக் கேட்பதைவிட இது மேல் என்று நினைத்திருப்பார்.

அந்தம்மாள் பக்கத்திலிருந்த போனை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மூணு மணியில இருந்து நான் அவனுக்கு போன் பண்ணேங்க,” என்றாள். “பதினாலு தடவை. ரிங் போச்சு, எடுக்கல. அஞ்சரைக்கு இவனுக்குப் பண்ணேன். ‘அவன் கடைசி நேர வேலையில இருக்கான் அத்தை, தொந்தரவு பண்ணாதீங்க’ன்னான். அதோட விட்டுட்டேன். அம்மா குரலைக் கேட்கவே பிடிக்காமத்தான் எடுக்கலன்னு போலீஸ்ல சொன்னாங்க.”

“போன் அவர் பாக்கெட்லதான் இருந்துச்சும்மா,” என்றார் மேடம். “கையை அசைக்க முடிஞ்சிருக்காது.”

“என் நம்பருக்குன்னு தனி மணி வெச்சிருந்தான்.” அந்தம்மாள் மேடத்தை விட்டு வக்கீலைப் பார்த்தாள். “தம்பி, நீ சொல்லு. அது அவனுக்குக் கேட்டிருக்குமா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் இவள் இன்று தூங்குவாள். வக்கீல் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தான்.

“கேட்டிருக்கும்மா,” என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். இடது கையால் கண்ணைத் துடைத்தாள். அது நிற்கவில்லை, அப்படியே விட்டுவிட்டாள்.

“அப்போ அஞ்சரை வரைக்கும் நான் அவன்கூடத்தான் இருந்திருக்கேன்,” என்றாள்.